ஒட்டோவின் அடுப்பில் பொங்கிய பால்

"அக்கா, வீடு வாங்கப் போறன். நீங்கள் வந்துதான் பால் காய்ச்ச வேணும்" என்று தம்பி அன்ரன் ஜெர்மனியில் இருந்து தொலைபேசியில் சொன்னபோது எனக்குப் புழுகம் தாங்கவில்லை. அவன் ஊரை விட்டுப் போனபோது மீசை முளைக்காத பெடியன். அகதி முகாம், பிறகு யாரோ ஒருவரின் நிலவறை, பிறகு மூன்றாம் மாடி என்று மாறி மாறி இருந்து, இப்போது சொந்தமாக ஒரு வீடு. நான் வத்தளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். ஓகஸ்ட் விடுமுறையைப் பார்த்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

குளிருக்கென்று ஊர் முழுக்க இரவல் கேட்டு இரண்டு சுவெட்டரும் ஒரு கம்பளிச் சால்வையும் கட்டிக்கொண்டு போனேன். பிராங்பேர்ட்டில் இறங்கினால் வத்தளை வெயில் தோற்றுப்போகும். அந்த வருஷம் ஐரோப்பா முழுக்க அப்படி ஒரு வெக்கை. வெள்ளைக்காரர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நீரூற்றுக்குள் காலை விட்டுக்கொண்டு இருந்தார்கள். என் பெட்டியைத் தூக்கிய அன்ரன், "என்னக்கா, கல்லோ கொண்டு வந்தனீங்கள்?" என்றான். "உன்னை நம்பிச் சுவெட்டர் கொண்டு வந்தன், விசரா" என்றேன். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு தம்பியைப் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான். பிறகுதான் இரண்டு பேரும் அழுதோம்.

ஹனோவரில் அவனுடைய மூன்றாம் மாடி வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. அவனுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் வீட்டுக்குள் நுனிக்காலில் நடக்கின்றன. மாமி வந்த சந்தோஷத்தில் கடைசிக்காரி ஒருக்கால் துள்ளினாள். உடனே கீழ்வீட்டில் இருந்து தும்புத்தடியால் முகட்டில் "டொக் டொக்" என்று இடிக்கும் சத்தம். பிள்ளை அப்படியே நின்றுவிட்டது. அன்ரனின் மனைவி ஜெசி, "அது பழகிப்போச்சு மச்சாள்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகள் ஓடாத வீடு என்ன வீடு?

வீடு வாங்குவது ஏன் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படிப்பட்ட வீடு என்பதுதான் தெரியாது. நான் மனதில் வைத்திருந்தது வெள்ளைப் பூச்சும் கண்ணாடியுமாய்ப் பளபளவென்று ஒன்று. "பழைய வீடு அக்கா. மாடும் வயலும் வைச்சிருந்த கமக்காரரின்ரை வீடு" என்றான் அன்ரன். அவன் கூரை வேலைக்கு முறையாக ஔஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி படித்தவன். அந்த வீட்டுக் கூரையைத் திருத்தப் போன இடத்தில்தான் சொந்தக்காரர் ஒட்டோ பழக்கமாம். மனைவி இறந்து தனியே இருக்கும் மனுஷன். மகளோடு நகரத்தில் போய் இருக்கப் போகிறார். ஹம்பேர்க்கில் இருந்து ஒரு பல் டாக்டர் சனி, ஞாயிறு வந்து இருக்கவென்று அந்த வீட்டைக் கேட்டிருக்கிறார். ஒட்டோ, "குடியிருக்கிறவனுக்குத்தான் கொடுப்பேன்" என்று அன்ரனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை உறுதி எழுதும் நோட்டாரிடம் தெர்மின், நேரம் குறித்தாயிற்று. அங்கே இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால் முடிந்தது. அதற்கு முதல் யார் வேண்டுமானாலும் மனம் மாறலாம்.

வெள்ளிக்கிழமை வீட்டைப் பார்க்கப் புறப்பட்டோம். அன்ரன் வேலையில் இருந்து நேரே வருவதாகச் சொன்னான். நானும் ஜெசியும் ரயில். முன் இருக்கையில் இரண்டு ஜெர்மன் கிழவிகள். ஒருத்தி மற்றவளுக்குச் சொன்னதை ஜெசி என் காதுக்குள் தமிழாக்கினாள்: "இந்த வெக்கையிலை என்ரை மனுஷன் நிலவறைக்குள்ளை போய்ப் படுக்கிறான். கலியாணம் கட்டினதுக்கு இப்பதான் கட்டில் முழுக்க எனக்கு. மழை வரக்கூடாதெண்டு கும்பிடுறன்." நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்தச் சிரிப்பில்தான் அறிவித்தலைத் தவறவிட்டோம். அங்கே சில ரயில்கள் நடுவழியில் இரண்டாகக் கழன்று, முன்பாதி ஓரூருக்கும் பின்பாதி வேறொரூருக்கும் போகுமாம். நாங்கள் இருந்தது பிழையான பாதி.

இறங்கிய ஸ்டேஷனில் ஆளரவம் இல்லை. ஒரேயொரு சாப்பாட்டுக் கடை. பசிக்குது என்று பாண் கேட்டேன். பாணை இரண்டாகப் பிளந்து, மேலே சிவப்பாய் ஏதோ பூசி, வெங்காயம் தூவித் தந்தான் கடைக்காரன். சம்பல் என்று நினைத்து வாய்க்குக் கிட்டக் கொண்டு போனேன். "மச்சாள், அது பச்சைப் பன்றியிறைச்சி" என்றாள் ஜெசி. பச்சை என்றால் பச்சைதான், அவிக்காதது. பக்கத்தில் நின்ற தபால்காரர் அதே பாணைக் கண்ணை மூடி ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னுடையதையும் அவருக்கே கொடுத்தேன். மனுஷன் தொப்பியைக் கழற்றி வணங்கிவிட்டு வாங்கிக்கொண்டார்.

ஒருவழியாய் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அன்ரன் வாசலில் நின்றான். வீட்டை நிமிர்ந்து பார்த்தேன். வீடென்று சொல்ல ஏலாது. கூரைதான். நிலத்துக்குக் கிட்டவரை இறங்கிய பெரிய கூரை, கறுத்த மரச்சட்டங்களுக்கு இடையில் செங்கல், வைக்கோல் வண்டி குதிரையோடு உள்ளே போகக்கூடிய கதவு. கூரை முகட்டில் மரத்தில் வெட்டிய இரண்டு குதிரைத் தலைகள் குறுக்காக. "இதென்ன, கோயிலோ?" என்றேன்.

ஒட்டோ வந்தார். ஆறடிக்கு மேல். என் கை அவருடைய கைக்குள் காணாமல் போயிற்று. குதிரைகள் எதற்கு என்று கேட்டேன், அன்ரன் மொழிபெயர்த்தான். "இடி விழாமல் காக்கும் என்பார் அப்பா. சூனியக்காரி வராமல் காக்கும் என்பாள் அம்மா. எனக்குத் தெரிந்து காற்று வரும் திசையைக்கூட அவை காட்டுவதில்லை" என்றார் ஒட்டோ. எனக்கு மனுஷனைப் பிடித்துவிட்டது.

கதவுக்கு மேலே உத்தரத்தில் எழுத்து வெட்டியிருந்தது. வீட்டைக் கட்டிய புருஷன், பெண்சாதி இரண்டு பேருடைய பெயரும், கடவுளே காப்பாற்று என்ற ஒரு வரியும். பெண்சாதியின் பெயரும் இருந்தது எனக்கு நல்ல சந்தோஷம். எங்களூரில் வீட்டைச் சீதனமாய்க் கொண்டு வருபவள் பெண், மதிலில் பெயர் மட்டும் மாப்பிள்ளையுடையது.

உள்ளே ஒரு நீண்ட கூடம். முந்தி மனிதரும் மாடும் இந்த ஒரே கூரையின் கீழ்தான் இருந்தார்களாம். கூடத்தின் இரண்டு பக்கமும் மாடுகள், தலையை உள்ளே நீட்டிக்கொண்டு. அந்தக் கோடியில், நிலத்தில் திறந்த அடுப்பு. புகைபோக்கி கிடையாது. புகை மேலே போய், தொங்கும் பன்றித்தொடையைப் பதமாக்கி, வைக்கோலில் பூச்சி பிடிக்காமல் காத்து, கடைசியில் கதவால் வெளியே போகும். சுவருக்குள் அலுமாரி மாதிரி ஒரு கட்டில். அதற்குக் கதவும் உண்டு. "என் பாட்டனின் தாய் இந்த அலுமாரிக்குள் படுத்தபடியே அடுப்பையும் மாட்டையும் வேலைக்காரரையும் ஒரே பார்வையில் பார்ப்பாளாம். படுக்கையால் எழும்பாமலே ஆட்களைத் திட்டுவாளாம்" என்றார் ஒட்டோ. "இந்த வீட்டை எனக்குத் தரலாம்" என்றேன்.

பரணில் ஒரு குட்டிமனிதன் இருக்கிறான் என்ற கதையும் சொன்னார். அவனுக்குக் கஞ்சி வைத்தால் மாட்டைப் பார்த்துக்கொள்வான், வைக்காவிட்டால் வால்களை ஒன்றோடொன்று முடிந்துவிடுவான். ஜெசிக்கு முகம் வெளிறிவிட்டது. "பேய் வீடோ மச்சாள்?" என்று என் கையைப் பிடித்தாள். "உன்ரை மூண்டும் இஞ்சை வந்து ஓடத் தொடங்கினால் அவன் தானாய் வெளிக்கிடுவான், நீ பயப்பிடாதை" என்றேன். அன்ரன் அந்த மரச்சட்டங்களைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான். தன் பிள்ளையைத் தடவுவது போலத்தான் இருந்தது.

சிக்கல் இனித்தான். வீட்டுச் சாவி கைக்கு வருவது ஒக்ரோபரில். எனக்கோ அடுத்த கிழமை விமானம், பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். நான் பால் காய்ச்சாமல் போனால் கடல் தாண்டி வந்து என்ன பிரயோசனம்? அன்ரன் தயங்கித் தயங்கி ஒட்டோவைக் கேட்டான்: ஞாயிறு பின்னேரம் உங்கள் வீட்டில் கொஞ்சம் பால் காய்ச்சலாமோ என்று. "பால் காய்ச்சத்தானே? தாராளமாய்" என்றார் ஒட்டோ. கோப்பிக்குப் பால் என்று நினைத்திருப்பார். பால் பொங்கி வழிய வேண்டும் என்று நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அதைப் போய் யார் சொல்வார்கள்? பால் காய்ச்சுவது என்றால் அதுதானே.

ஞாயிறு பூசை முடிந்து போனோம். பிள்ளைகளும் வந்தார்கள். ஒட்டோ செய்திருந்ததைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வருஷக்கணக்கில் எரியாத அந்தப் பழைய அடுப்பைக் கூட்டித் துடைத்து, விறகு அடுக்கி, இரும்பு முக்காலி வைத்திருந்தார். தன் மாடுகளை எப்போதோ விற்றுவிட்டதால், பக்கத்துத் தோட்டத்துக்கு நடந்துபோய்க் கறந்த பால் வாங்கி வந்திருந்தார். தானும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கதிரையை இழுத்து அடுப்புக்குக் கிட்ட உட்கார்ந்தார்.

திருஇருதயப் படத்தை வைத்து மெழுகுதிரி கொளுத்தினோம். நான் தீர்த்தம் தெளித்து ஜெபம் சொன்னேன். பானையில் பால். எல்லோரும் சுற்றி நின்றோம். பால் நுரைத்து விளிம்புக்கு ஏறியது. "வருது, வருது" என்று ஜெசி கைகூப்பினாள். அந்த நேரம் பார்த்து ஒட்டோ பாய்ந்து எழும்பி, பானையைத் துணியால் பிடித்து இறக்கிவிட்டார். நல்ல வேளை, நான் பார்த்துக் காப்பாற்றினேன் என்பது போல் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"ஐயோ" என்று ஒரே குரலில் எல்லோரும். நான் பானையை வாங்கித் திரும்ப முக்காலியில் வைத்தேன். திரும்ப ஏறியது. அவர் திரும்பப் பாய்ந்தார். இந்த முறை நான் விடவில்லை. அவர் கையை எட்டிப் பிடித்தேன். "விடுங்கோ, பொங்கட்டும்" என்று நான் தமிழில். அவர் ஏதோ டொச்சில், அவர்களின் ஜெர்மன் மொழியில். அவர் குனிந்து ஊதப் பார்க்க, நான் இடையில் புக, ஆறடி மனுஷனும் ஐந்தடி வாத்தியாரும் அடுப்புக்கு முன்னால் மல்லுக்கட்டினோம். அதற்குள் பால் பொங்கி நெருப்பில் விழுந்து சோவென்று இரைந்தது. நாங்கள் கைதட்டிக் கத்தினோம். பிள்ளைகள் வாழ்க்கையில் முதல் தடவையாக வீட்டுக்குள் பயமில்லாமல் துள்ளின.

பிறகுதான் ஒட்டோவைப் பார்த்தேன். முகத்தில் இரத்தம் இல்லை. நெருப்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அன்ரனிடம் தாழ்ந்த குரலில் ஒரு வசனம் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"என்னடா சொன்னவர்?"

"செவ்வாய்க்கிழமை நோட்டாரிட்டை வரமாட்டாராம் அக்கா."

காரில் மூன்றாம் மாடிக்குத் திரும்பினோம். பிள்ளைகள் திரும்ப நுனிக்கால் நடைக்குப் போய்விட்டன. அன்ரனின் வேலையிடத்தில் அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். மறுநாள் காலை அவரைத் தொலைபேசியில் கேட்டபோதுதான் கதை தெரிந்தது. அங்கத்தைய மாட்டுக்காரருக்குப் பாலை நெருப்பில் வழியவிடுவதைப் போல் பொல்லாத காரியம் இல்லையாம். மாட்டின் மடி நோகும், பால் வற்றும், வீட்டுக்குக் கூடாது. ஒட்டோவின் வீட்டில் ஒருமுறை அப்படி வழிந்து, அந்த மாரியில் மாடுகள் வரிசையாய் மடிவீங்கி விழுந்தனவாம். நாங்கள் அந்த மனுஷனின் முன்னால், அந்த அடுப்பில், பாலை நெருப்பில் ஊற்றிக் கைதட்டியிருக்கிறோம்.

"பல் டாக்டருக்கு இப்ப போன் அடிச்சிருப்பார்" என்றான் அன்ரன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எழும்படா. நான் போய்க் கதைக்கிறன்."

"அக்கா, உங்களுக்கு டொச் ஒரு சொல்லும் தெரியாது."

"உனக்குத் தெரியுந்தானே. நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. ஒண்டும் குறைக்காதை, கூட்டாதை."

ஒட்டோ கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கூடத்தில் நின்றபடியே தொடங்கினேன். தெரியாமல் செய்துவிட்டோம், உங்களை நோகடித்தது பெரிய பிழை, பால் பொங்கி வழிந்தால் வீடு நிறையும் என்பது எங்கள் வழக்கம் என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு கேட்டார்: "பால் இருக்கிறது என்று காட்டப் பாலைக் கொட்டுவீர்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "ஓம்" என்றேன். "வீடு கொள்ளாமல் வழிய வேணும். அதுக்குத்தான். இவன் இந்த நாட்டுக்கு வந்து எத்தினை இடத்திலை இருந்தவன் தெரியுமோ? ஒரு இடத்திலையும் பால் காய்ச்சேல்லை. ஏனெண்டால் ஒண்டும் இவன்ரை இல்லை. எவன் எப்ப எழும்பு எண்டுவான் எண்டு தெரியாத இடத்திலை ஆர் பால் காய்ச்சுவினம்? நேற்றுத்தான் முதல் பானை. உங்கடை அடுப்பு எண்டபடியால்தான் துணிஞ்சு காய்ச்சக் கேட்டவன்."

அன்ரன் பாதியில் நின்றுவிட்டான். "சொல்லடா" என்றேன். முழுவதையும் சொல்லி முடித்தான்.

ஒட்டோ அடுப்புக்குக் கிட்ட நடந்து போனார். பிறகு, "எந்தப் பக்கம் வழிந்தது?" என்றார்.

நான் திகைத்துப்போனேன். அது நாங்கள் கேட்கிற கேள்வி. நேற்றே ஜெசியும் அன்ரனும் அது கிழக்கா வடக்கா என்று பிடுங்குப்பட்டார்கள். சாம்பலில் காய்ந்த அடையாளத்தைக் காட்டினேன். பால் பெரிய கதவுப் பக்கமாக ஓடியிருந்தது.

"அது மாடுகள் நின்ற பக்கம்" என்றார் ஒட்டோ. முழந்தாளில் குந்தி, விரலால் அந்த அடையாளத்தைத் தொட்டுப் பார்த்தார். "அப்படியானால் அவை தங்கள் பங்கை எடுத்துவிட்டன." வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. குசினிக்குள் போய் ஒரு பிடி உப்போடு வந்து சாம்பலில் எறிந்தார். வழிந்த கையோடு உப்புப் போட்டால் தோஷமில்லையாம், நேற்றைய கோபத்தில் தான் அதை மறந்துபோனாராம். நாங்களும் புதுவீட்டுக்கு முதல் கொண்டு போவது உப்புத்தான் என்று சொன்னேன். "அப்படியானால் ஏன் நேற்றுக் கொண்டு வரவில்லை?" என்று என்னையே மடக்கினார். உண்மையில் மறந்துதான் போனோம். மூன்று பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே, நாளைக்கு வருவாரா என்று கேட்கும்படி அன்ரனை இடித்தேன். அவன் கேட்கப் பயந்தான்.

ஒட்டோ தானாகவே ஆணியில் தொங்கிய பெரிய இரும்புச் சாவியை எடுத்தார். வாருங்கள் என்று கையைக் காட்டிவிட்டுப் பின்வளவுக்கு நடந்தார். பின்னால் போனோம். அப்பிள் மரங்களுக்கு அப்பால், கூரை போட்ட ஒரு தட்டில் வரிசையாகத் தேன்கூடுகள். வைக்கோலில் பின்னிய பழங்காலக் கூடைகளும் மரப்பெட்டிகளும். அந்த வெயிலில் தேனீக்கள் இரைந்துகொண்டு வெளியே நின்றன. எனக்குப் பயம், இரண்டடி தள்ளியே நின்றேன்.

அன்ரனின் முழுப்பெயரைக் கேட்டார். ஜெசியின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் கேட்டு, வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகினார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் கூட்டில் சாவியால் மூன்று தரம் மெல்லத் தட்டினார். குனிந்து, ஆளோடு ஆள் கதைக்கிற மாதிரி ஏதோ சொன்னார். அடுத்த கூட்டுக்குப் போனார். தட்டினார். அதையே திரும்பச் சொன்னார்.

"என்னடா செய்யிறார்?" என்று கிசுகிசுத்தேன்.

"வீட்டுக்காரன் மாறினால் தேனீக்குச் சொல்ல வேணுமாம் அக்கா. சொல்லாட்டில் அதுகள் கோவிச்சுக்கொண்டு போயிடுமாம். தகப்பன் செத்த அண்டைக்கு இவர்தான் வந்து சொன்னவராம்."

"இப்ப என்ன சொல்லுறார்?"

அன்ரன் ஒட்டோவையே பார்த்தான். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்ட பிள்ளை மாதிரி கைகளை ஒட்டவைத்து நிமிர்ந்து நின்றான், கண்ணீர் தன்பாட்டுக்கு ஓடியது. நான் அவனைத் திரும்பக் கேட்கவில்லை. ஒட்டோ கூட்டுக்குக் கூடு போய்த் தட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தார். டொச் தெரியாத எனக்கும், ஒவ்வொரு கூட்டிலும் ஒரேயொரு சொல் தெளிவாய்க் கேட்டது. என் தம்பியின் பெயர்.